மணிக்கட்டு முறிந்ததற்குச் சாணத்தை மட்டும் பழி சொல்லலாமா?

காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டிலிருந்து 42 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். கடிதத்தின் பெரும்பகுதி 64 வயதான அவருடைய மாமியாரைப் பற்றியது.

மாமியார் மூன்று மாடுகளைப் பார்த்துக்கொள்கிறார். மார்கழியில் ஒரு விடியற்காலை மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட வாளியோடு போனவர், கட்டுத்தரையில் சாணம் வழுக்கி, இடது கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரத்தில் எலும்பு கூடிவிட்டது. அதன்பிறகு ஊர்க் கல்யாண மண்டபத்தில் நடந்த இலவச முகாமில் குதிகாலை ஒரு கருவிக்குள் வைத்துப் பார்த்து, "மைனஸ் 3.1" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டைப் பார்த்த எலும்பு மருத்துவர், ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றும் ஊசி ஒன்றைப் பரிந்துரைத்திருக்கிறார். பக்கத்துத் தோட்டத்துக்காரரோ அந்த ஊசி போட்டால் தாடை எலும்பு அழுகிவிடும் என்கிறார். வாசகியின் கணவர் சொல்வது வேறு: "ராகிக்களியும் தயிரும் சாப்பிட்டு வளர்ந்த உடம்பு. வெயிலில் காயாத நாள் இல்லை. வழுக்கி விழுந்தால் யாருக்கும்தான் முறியும். ஊசி எதற்கு?"

கடிதத்தில் போகிற போக்கில் சொல்லப்பட்ட வேறு சில விவரங்களும் உண்டு. மாமியாருக்கு 39 வயதில் கருப்பையை எடுத்துவிட்டார்கள். முதுகுவலிக்காக நான்கு வருடமாகச் சந்தையில் ஒருவரிடம் பொடி வாங்கிச் சாப்பிடுகிறார். சாப்பிட்ட சற்று நேரத்தில் வலி மாயமாகிவிடுகிறது, ஆனால் முகம் உப்பிக்கொண்டு வருகிறது. பிறந்த ஊர் தர்மபுரிப் பக்கம். சிறு வயதிலிருந்தே பல்லில் பழுப்புக் கறை. முன்பெல்லாம் அட்டாலியிலிருந்து ஊறுகாய் ஜாடியைக் கையை நீட்டி எடுப்பவருக்கு இப்போது எட்டவில்லை. கடைசி வரியில் தன்னைப் பற்றியும் வாசகி ஒன்று கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு வருகிறேன்.

சகோதரி, நீங்கள் கேட்டது ஊசியைப் பற்றி. ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டவை நீங்கள் கேள்வியாகக் கேட்காத அந்தச் சின்ன விவரங்கள்தான்.

முதலில் உங்கள் வீட்டுக்காரரின் வாதம். வழுக்கி விழுந்தால் யாருக்கும் முறியும் என்பது சரியல்ல. நின்ற நிலையிலிருந்து தரையில் விழுவதைத் தாங்கும் பலம் நல்ல எலும்புக்கு உண்டு. ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவருக்கு அந்த அளவு விழுந்ததற்கே எலும்பு முறிந்தால், எலும்பு பலவீனமாக இருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மணிக்கட்டு முறிவு பெரும்பாலும் இந்த வரிசையில் முதலில் வருவது. அடுத்து முதுகெலும்பு, வயது ஏற ஏற இடுப்பு. ஒரு முறிவு நடந்த அடுத்த ஓரிரு ஆண்டுகளில்தான் இன்னொரு முறிவுக்கான ஆபத்து மிக அதிகம். இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துபோகிறார். பிழைத்தவர்களில் பலர் பழையபடி நடப்பதில்லை. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. கை கூடிவிட்டது, விஷயம் முடிந்தது என்று உங்கள் வீட்டில் நினைப்பதாகத் தெரிகிறது, அதற்காகத்தான் சொல்கிறேன்.

எட்டாமல் போன ஜாடிக்கு வருவோம். இளவயது உயரத்திலிருந்து நான்கு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால், முதுகெலும்புக் கட்டைகளில் ஒன்றோ இரண்டோ நசுங்கியிருக்கலாம். இப்படிப்பட்ட முறிவுகளில் மூன்றில் இரண்டு பங்கு, முறிவு என்று தெரியாமலேயே போய்விடுகின்றன. "வயதாகிவிட்டது, கூன் விழுகிறது, முதுகு பிடித்துக்கொண்டது" என்று குடும்பமே சமாதானம் சொல்லிக்கொள்ளும். வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். அத்தையைச் சுவரில் குதிகாலும் முதுகும் ஒட்டும்படி நிற்க வையுங்கள். பார்வை நேராக இருக்கும்போது பின்தலை சுவரைத் தொடுகிறதா? தொடவில்லை என்றால், முதுகெலும்புக்குப் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். தொட்டாலும், உயரம் குறைந்திருக்கும்போது அந்த எக்ஸ்ரே தேவைதான். செலவு குறைவு, தாலுகா அரசு மருத்துவமனையிலேயே எடுக்கலாம். அதில் நசுங்கிய கட்டை ஒன்று தெரிந்து, அதற்கு வேறு காரணமும் இல்லை என்று உறுதியானால், ஸ்கேன் எண் எதுவாக இருந்தாலும் இது எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோயான ஆஸ்டியோபோரோசிஸ்தான்.

முகாமில் குதிகாலில் பார்த்தது அல்ட்ராசவுண்ட் சோதனை. யாரை மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும் என்று சலித்தெடுக்க அது உதவும். அந்த எண்ணை வைத்து மருந்து தொடங்குவதோ, அது நன்றாக இருக்கிறது என்று நிம்மதியடைவதோ கூடாது. முறையான சோதனை டெக்ஸா ஸ்கேன். இடுப்பிலும் கீழ் முதுகிலும் எலும்பின் அடர்த்தியை அளந்து, இளம் பெண்களின் சராசரியோடு ஒப்பிட்டு டி-ஸ்கோர் தருவார்கள். மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் ஆஸ்டியோபோரோசிஸ். மைனஸ் 1-க்கும் 2.5-க்கும் நடுவில் இருந்தால் அடர்த்திக் குறைவு. கோவையில் இந்த வசதி இருக்கிறது. படுத்திருந்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

பால் யார் குடித்தார்கள்?

"ராகியும் தயிரும் சாப்பிட்டு வளர்ந்த உடம்பு" என்ற பேச்சைக் கொங்கு நாட்டில் நான் கேட்காத வாரம் கிடையாது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாடு வைத்திருக்கும் வீட்டில் காலையிலும் மாலையிலும் கறந்த பால் எங்கே போகிறது? கேனில் ஊற்றிச் சொசைட்டிக்குப் போகிறது. வீட்டுக்கு எடுத்து வைத்ததில் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு டம்ளர், ஆண்களுக்குத் தயிர். கறந்தவருக்குக் கிடைப்பது இரண்டு வேளைக் காப்பியில் ஊற்றிய பால். இரண்டும் சேர்ந்து நூறு மில்லி இருந்தால் அதிகம். அதில் கால்சியம் ஏறத்தாழ 120 மில்லிகிராம். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) பரிந்துரைக்கும் அளவு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம். ராகி உண்மையிலேயே நல்ல உணவு. நூறு கிராம் மாவில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. ஆனால் அத்தை கடைசியாக வாரத்தில் எத்தனை நாள் களி சாப்பிட்டார்? ரேஷன் அரிசி வந்தபிறகு பல தோட்டத்து வீடுகளில் களி விருந்தாளி ஆகிவிட்டது.

சிறுவயதில் சாப்பிட்டது வீண் என்று சொல்லவில்லை. முப்பது வயது வரைக்கும் சேர்த்த எலும்புதான் முதல். அதற்குப்பின் செலவுதான், அதுவும் மாதவிடாய் நின்றதும் செலவு வேகமெடுக்கும். அத்தைக்கு அது 39 வயதிலேயே நடந்திருக்கலாம். கருப்பையோடு சினைப்பைகளையும் எடுத்திருந்தால், எலும்பைக் காக்கும் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் சுரப்பு அன்றைக்கே நின்றுபோயிருக்கும். மற்ற பெண்களைவிடப் பல வருடம் எலும்பு கூடுதலாகக் கரைந்திருக்கும். மருத்துவமனை ஆவணங்களை மூன்று ஆண்டுகள் வரை பாதுகாத்தால் போதும் என்பதே விதி. எனவே பழைய சீட்டு கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். "அறுவைக்குப் பிறகு சில வாரங்களிலேயே உடம்பு திகுதிகுவென்று எரிந்து வியர்த்ததா?" என்று அத்தையையே கேளுங்கள். ஆமாம் என்றால் சினைப்பைகளும் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

வெயில் விஷயத்திலும் ஏமாற வேண்டாம். காட்டு வேலைக்குப் போகும் நம் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு என்று போர்த்திக்கொண்டுதான் நிற்கிறார்கள். அது வெயிலுக்குப் புத்திசாலித்தனம்தான். ஆனால் வைட்டமின் டி தயாராவது வெயில் நேரடியாகப் படும் தோலில். வயதான தோலில் அந்த உற்பத்தியும் குறைந்துவிடும். ஆகவே ஊகிக்க வேண்டாம், ரத்தத்தில் பார்த்துவிடலாம். குறைவாக இருந்தால் வாரம் ஒருமுறை 60,000 யூனிட் என்று எட்டு வாரம்போலக் கொடுப்பார்கள். அந்தப் பாக்கெட்டை மருந்துக்கடையில் வாங்கி வருடக்கணக்கில் விழுங்குபவர்களும் இருக்கிறார்கள். ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெட்டுப்போகும்.

எல்லாம் ஆஸ்டியோபோரோசிஸ் ஆகிவிடாது

இந்த இடத்தில்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும். எலும்பு எளிதில் முறிகிறது என்பதற்குப் பல நோய்கள் காரணமாகலாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

ஆஸ்டியோபோரோசிஸில் எலும்பில் சுண்ணச்சத்து சரியாகவே ஏறியிருக்கும், எலும்பின் அளவுதான் குறைந்திருக்கும். ஆஸ்டியோமலேசியாவில் எலும்பு இருக்கும், ஆனால் அதில் சுண்ணச்சத்து ஏறியிருக்காது. முன்னது செங்கல் குறைந்த சுவர் என்றால், பின்னது கலவை இறுகாத சுவர். வைட்டமின் டி வெகுநாள் குறைந்திருந்தால் இது வரும். தரையில் உட்கார்ந்தவர் கையூன்றாமல் எழ முடியாது, தொடையில் பலம் இருக்காது, நடை இரு பக்கமும் அசையும், எலும்பை அழுத்தினால் வலிக்கும். இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதும் சகஜம். ஆஸ்டியோமலேசியா இருக்கும்போது அதைச் சரிசெய்யாமல் ஆண்டு ஊசியை ஏற்றினால் ரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். ஊசிக்கு அவசரப்படக் கூடாது என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

பல்லில் உள்ள பழுப்புக் கறை ஃபுளோரைடின் அடையாளமாக இருக்கலாம். பல் உருவாகும் குழந்தைப் பருவத்தில், ஏறக்குறைய எட்டு வயதுக்குள், ஃபுளோரைடு மிகுந்த தண்ணீரைக் குடித்தவர்களுக்கு அந்தக் கறை நிலைத்துவிடும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது பழைய செய்தி. அதற்காகவே ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவரும் திட்டம் 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. பல ஆண்டுகள் அப்படிப்பட்ட தண்ணீரைக் குடித்தால் எலும்பிலும் ஃபுளோரைடு படிந்து, முதுகும் மூட்டுகளும் விறைத்துப்போகும். எலும்பு எக்ஸ்ரேயில் வெள்ளை வெளேரென்று கெட்டியாகத் தெரியும், டெக்ஸாவில் எண்ணும் நன்றாகவே வரும், ஆனால் முறியும். அத்தை திருமணமாகி இங்கே வந்து பல காலம் ஆகிவிட்டதால் இப்போதைய சிக்கலுக்கு அது முதன்மைக் காரணமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் எக்ஸ்ரே பார்ப்பவரிடம் பிறந்த ஊரைச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் குடிப்பது போர் தண்ணீராக இருந்தால், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதியுங்கள். லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும்; வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை. கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடும்.

இவை தவிர, பாராதைராய்டு சுரப்பி அதிகமாக வேலை செய்தால் எலும்பிலிருந்து கால்சியம் கரையும்; சிறுநீரகக் கல் அடிக்கடி வந்திருந்தால் அதை நினைக்க வேண்டும். தைராய்டு மிகுந்தாலும், தைராய்டு மாத்திரை தேவைக்கு மேல் போனாலும் எலும்பு இளைக்கும். வலிப்பு மாத்திரைகள் சிலவும் வெற்றிலையோடு போடும் புகையிலையும் இந்தக் கணக்கில் வரும். இரவில் தூங்கவிடாத முதுகுவலி, ரத்தசோகை, காரணமில்லாத உடல் இளைப்பு என்று சேர்ந்து வந்தால் மல்டிபிள் மைலோமா என்னும் ரத்தப் புற்றுநோய் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டுதான் அடுத்த வேலை.

இதற்காக உடம்பு முழுவதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை. ரத்தத்தில் கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், வைட்டமின் டி, கிரியாட்டினின், தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபின், ஈ.எஸ்.ஆர். ஆகியவற்றைப் பார்த்தாலே பாதிக்குமேல் தெளிந்துவிடும். அதில் ஏதாவது தட்டினால் பாராதைராய்டு ஹார்மோனும் புரத எலக்ட்ரோபோரசிஸ் சோதனையும்.

சந்தைப் பொடி

என்னை மிகவும் கவலைப்படுத்துவது இது. பொட்டலத்தில் பெயர் இல்லை, என்ன சேர்த்திருக்கிறது என்று எழுதவில்லை, சற்று நேரத்தில் வலி போகிறது, முகம் உப்புகிறது. இவ்வளவும் சேர்ந்தால் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்றே சந்தேகிப்பேன். சோதிக்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. சித்த மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை. பட்டம் பெற்ற சித்த மருத்துவர் மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதித்தான் கொடுப்பார். ஸ்டீராய்டு மூன்று மாதம் தொடர்ந்து உள்ளே போனாலே எலும்பு கரையத் தொடங்கும். நான்கு வருடம் என்பது நீண்ட காலம். தோலில் சும்மாவே ரத்தக்கட்டு, திடீரென்று ஏறிய சர்க்கரை, தசை இளைத்த கைகால்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கோபத்தில் அந்தப் பொடியை இன்றைக்கே குப்பையில் போட்டுவிடாதீர்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் உடம்பு தானாகச் சுரப்பதை நிறுத்திவிடும். ஒரே நாளில் நிறுத்தினால் வாந்தி, தள்ளாட்டம், ரத்த அழுத்தம் சரிவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். பொட்டலத்தோடு அத்தையைப் பொது மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டான கார்ட்டிசாலின் காலை நேர அளவைப் பார்த்துவிட்டு, படிப்படியாகக் குறைக்க வழி சொல்வார். அத்தை இதை மறைக்கப் பார்ப்பார். திட்ட வேண்டாம். வலி தாங்காமல் வாங்கியதுதானே.

ஊசி போடலாமா?

மேலே சொன்னவற்றைப் பார்த்து, ஆஸ்டியோபோரோசிஸ்தான் என்று உறுதியானபின், போடலாம். உங்கள் மருத்துவர் சொல்லியிருப்பது சோலெட்ரோனிக் அமிலமாக இருக்கும். 5 மில்லிகிராம், ஆண்டுக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றுவார்கள். 2007இல் வெளியான பெரிய ஆய்வில், மூன்று ஆண்டுகள் இதைப் போட்டுக்கொண்ட பெண்களுக்கு முதுகெலும்பு முறிவு 70 சதவீதமும் இடுப்பு முறிவு 41 சதவீதமும் குறைந்தது. முதல் ஊசிக்குப்பின் ஓரிரு நாள் காய்ச்சலும் உடல்வலியும் வரலாம், பாராசிட்டமால் போதும். சிறுநீரகம் மிகவும் பழுதடைந்திருந்தால் இந்த ஊசி கூடாது.

தாடை எலும்பு பற்றி அந்தத் தோட்டத்துக்காரர் சொன்னது முழுப் பொய் இல்லை. அளவு தெரியாமல் சொன்னது. தாடை எலும்பு பாதிக்கப்படுவோரில் பெரும்பாலோர், புற்றுநோய்க்காக இதே மருந்தை மாதாமாதம் ஏற்றிக்கொள்பவர்கள். ஆண்டுக்கு ஒரு ஊசி போடுபவர்களில் அது மிக அரிது. அத்தைக்குப் பிடுங்க வேண்டிய சொத்தைப்பல் இருந்தால், அதை முடித்து ஈறு ஆறியபிறகு ஊசி போடுங்கள். அவ்வளவுதான் எச்சரிக்கை. பல ஆண்டுகள் தொடர்ந்தால் தொடை எலும்பில் அபூர்வமாக ஒருவகை முறிவு வரலாம் என்பதால்தான் மூன்று ஊசிக்குப்பின் நிறுத்தி மறுபடி மதிப்பிடுகிறோம். இடையில் தொடையில் புதிதாக வலி வந்தால் சொல்லிவிட வேண்டும்.

மாற்று வழிகளும் உண்டு. அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராம் மாத்திரை வாரம் ஒருமுறை. வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல், காப்பியும் குடிக்காமல் இருக்க வேண்டும். எழுந்ததும் காப்பி குடிக்கும் பழக்கமுள்ள வீடுகளில் இது எத்தனை வாரம் நடக்கும் என்பது எனக்குத் தெரிந்த கதை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடும் டெனோசுமாப் நல்ல மருந்து. ஆனால் நாள் தவறவிட்டால், இல்லை இடையில் நிறுத்தினால், முதுகெலும்புகள் வரிசையாக நொறுங்கும் ஆபத்து இருக்கிறது. எக்ஸ்ரேயில் பல கட்டைகள் நசுங்கியிருந்தால், எலும்பைப் புதிதாக வளர்க்கும் டெரிபராடைடு ஊசியை மருத்துவர் முதலில் யோசிக்கலாம். தினமும் போட வேண்டும், செலவும் அதிகம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் அத்தை மறுபடி விழாமல் பார்க்க வேண்டும். கட்டுத்தரையின் வழவழப்பான சிமெண்டைக் கொத்திச் சொரசொரப்பாக்குங்கள், அங்கே ஒரு விளக்குப் போடுங்கள், கண்புரை இருக்கிறதா என்று பாருங்கள். நிறைந்த வாளியைக் குனிந்து தூக்குவதை வேறு யாராவது செய்யட்டும். உங்கள் வீட்டுக்காரர் செய்தால் இன்னும் நல்லது. எக்ஸ்ரே எடுக்கும்வரை முதுகை யாரிடமும் எண்ணெய் போட்டு நீவவோ மிதிக்கவோ கொடுக்காதீர்கள். கால்களில் திடீரெனப் பலம் குறைந்தாலோ சிறுநீர் நின்றாலோ அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இனி உங்கள் கடைசி வரி. அதிக ரத்தப்போக்குக்காக உங்களுக்கும் கருப்பையை எடுத்துவிடச் சொல்கிறார்கள், "குழந்தைகள்தான் பெரிதாகிவிட்டார்களே" என்று வீட்டிலும் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். குழந்தைகள் வளர்ந்துவிட்டதற்கும் உங்கள் எலும்புக்கும் சம்பந்தமில்லை. ரத்தப்போக்குக்கு என்ன காரணம், மாத்திரையோ ஹார்மோன் உள்ள கருப்பைச் சாதனமோ முயன்று பார்த்தாயிற்றா என்று மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், "சினைப்பைகளையும் எடுக்கப் போகிறீர்களா, ஏன்?" என்று கேட்டுப் பதிலைத் தெரிந்துகொண்டபின் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள். படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு; சிகிச்சை ஆவணங்களை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. புற்றுநோயோ அதற்கான பரம்பரை வாய்ப்போ போன்ற தக்க காரணம் இல்லாதபோது, 42 வயதில் நல்ல நிலையில் உள்ள சினைப்பைகளை விட்டுவைப்பதையே நான் பரிந்துரைப்பேன். எடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், இயல்பான மாதவிடாய் நிற்கும் வயது வரைக்கும் ஹார்மோன் சிகிச்சை உங்களுக்குப் பொருந்துமா என்பதை அறுவைக்கு முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.